திறந்து பார்த்து வாங்க வேண்டிய லென்ஸ்

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து. இரவு இரண்டு மணி. ஆடுகளத்தின் இரு ஓரத்திலும் மூங்கில் கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு ஹாலஜன் விளக்கு கட்டியிருந்தார்கள். பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை. திரை விலகி துரியோதனன் வேடக்காரர் வெளியே வந்து சுழன்று ஆடத் தொடங்கினார். என் கேமராவில் அன்று இருந்தது 24–70 ஜூம், அதிகபட்சத் திறப்பு எஃப் 2.8. ஷட்டரை 1/125இல் வைத்தேன், ஐஎஸ்ஓ 6400. படத்தில் கிரீடம் வெறும் வெள்ளைக் கோடாக இழுத்திருந்தது, முகத்து அரிதாரம் கரைந்து வழிந்தது. அந்தச் சுழற்சியை நிறுத்திப் பிடிக்க 1/500 வேண்டும். அதற்குப் போனால் ஐஎஸ்ஓ 25600. அரிதாரத்தில் இழைத்த மீசைக் கோடும் நெற்றிப் புள்ளியும் மணல் மணலாக உதிர்ந்துவிடும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தவரிடம் 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் இருந்தது. அவர் 1/500இல் எடுத்தார், ஐஎஸ்ஓ அதே 6400. அவர் திரையில் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

இந்த வகை லென்ஸை எதற்கு வாங்குகிறோம் என்பதற்கு அந்த இரவைவிட நேரான விளக்கம் என்னிடம் இல்லை. வெளிச்சம் குறைவு, எதிரில் இருப்பது அசைகிறது, நாம் கிட்டத்தில் இருக்கிறோம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடங்களுக்கான கருவி அது. தாலி கட்டும் நேரம், கூத்து, சாமி புறப்பாடு, வீட்டுக்குள் தவழும் குழந்தை, இரவு வானம். விண்மீனும் அசைகிறதுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபாஸ்ட் வைட் பிரைம் என்று கடையிலும் களத்திலும் சொல்கிறோம். பிரைம் என்றால் ஜூம் கிடையாது, ஒரே குவிய நீளம். வைட் என்றால் ஃபுல் ஃப்ரேம் கேமராவில், அதாவது 36க்கு 24 மி.மீ. சென்சாரில், 35 மி.மீ. தொடங்கி அதற்குக் கீழே. ஃபாஸ்ட் என்றால் துளை பெரியது என்று பொருள். எஃப் எண் என்பது குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 24 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 என்றால் துளை சுமார் 8.5 மி.மீ. எஃப் 1.4 என்றால் 17 மி.மீ. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, உள்ளே வரும் வெளிச்சமும் நான்கு மடங்கு. இரண்டு ஸ்டாப் என்று நாம் சொல்வது இதைத்தான். கூத்துக் களத்தில் 1/125ஐ 1/500 ஆக்கியது இந்த நான்கு மடங்குதான்.

எஃப் 1.8 இதற்கு நடுவே நிற்கிறது. எஃப் 2.8ஐவிட கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வெளிச்சம். அங்கிருந்து எஃப் 1.4க்குப் போனால் மேலும் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதல் கிடைக்கும், விலையோ பெரும்பாலும் இரண்டு மடங்கு, சில நிறுவனங்களில் அதற்கும் மேல். ஜூமிலிருந்து முதல் பிரைமுக்கு வருபவர்களுக்கு எஃப் 1.8 போதும் என்றே நான் சொல்வேன். பெரிய தாவல் அங்கேயே முடிந்துவிடுகிறது. மாதத்தில் பாதி இரவுகளை இருட்டில் வேலை செய்து கழிப்பவர்களுக்குத்தான் அந்தக் கடைசிப் படிக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வரும்.

வேண்டாதவர்களும் உண்டு. பழைய செட்டிநாட்டு வீட்டு முற்றத்தையும் தூண் வரிசையையும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அவை எங்கும் ஓடப் போவதில்லை. முக்காலி வைத்து எஃப் 8இல் எடுங்கள். முக்காலிக்கு அனுமதி இல்லாத இடத்திலும் இப்போதைய கேமராக்களில் சென்சாரே கையாட்டத்தைச் சமாளித்துக்கொள்கிறது, அகலமான லென்ஸில் கால் நொடி வரைகூடக் கையில் பிடித்து எடுத்துவிடலாம். ஆனால் அந்த வசதி நம் கையின் நடுக்கத்தை மட்டும்தான் அடக்கும். எதிரில் ஆடுபவரை நிறுத்தாது. ஆகவே முதல் கேள்வி, நான் எடுப்பது அசைகிறதா என்பது. இல்லை என்றால் இந்தக் கட்டுரையில் வரும் எந்த லென்ஸும் உங்களுக்கு அவசியமில்லை, அந்தப் பணத்தில் நல்ல முக்காலி வாங்கி இரண்டு பயணமும் போய் வரலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புது லென்ஸ் வாங்கிய முதல் வாரத்தில் பலர் இதில்தான் மனம் உடைகிறார்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் அதனால் நொடிக்கு 100 முறை மினுக்கும். அந்த வெளிச்சத்தில் 1/500இல் எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும், சில சமயம் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். இது லென்ஸின் குற்றம் இல்லை. 1/100 அல்லது 1/50க்கு இறங்கிப் பாருங்கள், அல்லது கேமராவில் மினுக்கல் தடுப்பு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படி இறங்க வேண்டிய மண்டபங்களில் பெரிய துளையால் கிடைப்பது வேகம் அல்ல, குறைந்த ஐஎஸ்ஓ. அதுவும் நல்ல லாபம்தான்.

இனி 24ஆ, 28ஆ, 35ஆ என்ற கேள்வி. இதைப் பலரும் கோணக் கணக்கில் பேசுகிறார்கள். 35க்கு மூலைக்கு மூலை 63 டிகிரி, 28க்கு 75, 24க்கு 84, 20க்கு 94. சரியான எண்கள்தான். ஆனால் 84 டிகிரி என்பது நம் கூடத்தில் எவ்வளவு என்று யாருக்கும் மனதில் வராது. நான் வேறு கணக்கு போடுகிறேன். நீங்கள் நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கிக் குவிய நீளத்தால் வகுங்கள். அந்தத் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் அகலம் வந்துவிடும். இரண்டு மீட்டர் தூரத்தில் 35 மி.மீ. லென்ஸ் சுமார் 2 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 28 என்றால் 2.6. 24 என்றால் 3. 20 என்றால் 3.6.

இதை வைத்து ஒரு மணவறைக்குப் போவோம். தாலி கட்டும்போது படமெடுப்பவருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அந்த இரண்டு மீட்டர்தான். முன்னால் ஹோம குண்டம், பின்னால் வீடியோக்காரர், அவருக்குப் பின்னால் அட்சதை வீச எழுந்து நிற்கும் கூட்டம். ஓர் அடிகூடப் பின்னால் போக முடியாது. 35 போட்டிருந்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் அடங்குவார்கள், குனிந்து முடிச்சுப் போடும் நாத்தனாரின் கை வரும், முகம் வெட்டுப்படும். 24 போட்டிருந்தால் நாத்தனார், புரோகிதர், பெண்ணின் தோளுக்குப் பின்னால் கண் கலங்கி நிற்கும் அப்பா எல்லாரும் வந்துவிடுவார்கள். அந்த அப்பாவின் முகம்தான் பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் எல்லாரும் பார்க்கப் போகும் படம். அதே மண்டபத்தில் வாசலில் வரவேற்கும் பெரியவர்களை எடுக்க 35தான் அழகு. இடம் இருக்கிறது, முகங்கள் இயல்பாக வரும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, நீங்கள் அடிக்கடி எடுக்கும் இடத்தில் எவ்வளவு பின்னால் போக முடிகிறது, எவ்வளவு அகலம் வேண்டும் என்று அளந்து பாருங்கள். கையில் ஜூம் இருந்தால் இன்னும் எளிது. கடந்த ஒரு வருடப் படங்களில் உங்களுக்கே பிடித்தவற்றை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் குவிய நீளத்தில் எடுத்தது என்று கணினியில் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அவை ஓர் எண்ணைச் சுற்றியே கூடி நிற்கும். நான் 24காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தபோது என் நல்ல படங்களில் பாதிக்கு மேல் 33க்கும் 38க்கும் இடையில் இருந்தன.

அகலம் கூடக் கூட ஒரு விலை உண்டு. அதைத் தெரியாமல் 20 வாங்கி, குடும்பப் படம் எடுத்து, ஓரத்தில் நின்ற அத்தையிடம் திட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வளைந்திருப்பதைத் தட்டையான பரப்பில் விரித்தால் ஓரம் இழுபடும். உலக வரைபடத்தில் கிரீன்லாந்து பெரிதாகத் தெரிகிறதே, அந்த மாதிரி. 35 மி.மீ.யில் இடது, வலது விளிம்பில் இருக்கும் ஒரு தலை எட்டில் ஒரு பங்கு அகலம் கூடித் தெரியும். 24இல் கால் பங்கு. 20இல் மூன்றில் ஒரு பங்கு. இது லென்ஸின் தரத்தைச் சேர்ந்ததே அல்ல, ஒரு லட்சம் ரூபாய் லென்ஸிலும் பத்தாயிரம் ரூபாய் லென்ஸிலும் ஒரே அளவு வரும். கோடுகளை நேராக வைத்திருப்பதற்கு அது கொடுக்கும் விலை. முகங்களை நடுப்பகுதிக்குள் வைத்து, ஓரத்தைத் தூணுக்கும் பந்தலுக்கும் விட்டுவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது. கூட்டமாக மனிதர்களை எடுப்பதே உங்கள் வேலை என்றால் 28க்குக் கீழே இறங்கும் முன் யோசியுங்கள்.

அகல லென்ஸில் பின்னணி மங்காது, எல்லாமே தெளிவாக வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எஃப் 8இல் அது உண்மை. எஃப் 1.4இல் இல்லை. 24 மி.மீ. லென்ஸை மூன்று மீட்டரில் ஃபோகஸ் செய்து எஃப் 1.4இல் எடுத்தால், தெளிவாக வருவது ஏறத்தாழ இரண்டரை மீட்டரிலிருந்து 3.8 மீட்டர் வரை. 35 மி.மீ. லென்ஸை இரண்டு மீட்டரில் வைத்தால் மொத்தமே 28 சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளையின் கண் தெளிவாக இருக்கும், அவர் தோளுக்குப் பின்னால் நிற்கும் தோழன் மங்குவார். எந்த முகத்தில் ஃபோகஸ் விழுகிறது என்பது இங்கே உயிர் நாடி. ஆகவே வேகமாகவும் ஓசையில்லாமலும் கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அகல லென்ஸுக்கும் தேவைதான்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். எஃப் 1.4 லென்ஸுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் முழுவதும் எஃப் 1.4 என்ற ஒரு நிலைக்காகக் கொடுப்பது. எஃப் 5.6க்கு மூடினால் இன்றைக்குக் கிடைக்கும் எந்த லென்ஸும் நன்றாக வரையும், பழைய ஜூம்கூட. ஆகவே முழுதாகத் திறந்து வைத்த நிலையில் நடுவிலிருந்து மூலை வரை என்ன வரைகிறது என்று பார்த்துத்தான் இந்த லென்ஸை மதிப்பிட வேண்டும். எஃப் 8இல் எடுத்த மலைக் காட்சியைக் காட்டி யாராவது இதைப் புகழ்ந்தால் அந்தப் புகழ்ச்சியால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

மூலையில் நடப்பவை இரண்டு. ஒன்று இருட்டு. ஒளி சாய்ந்து வரும்போது வலுக் குறையும், போதாததற்கு லென்ஸின் குழாயே ஓரத்து ஒளியில் கொஞ்சத்தை மறைக்கும். முழுதாகத் திறந்த அகல லென்ஸில் மூலை இரண்டு ஸ்டாப் இருண்டு வருவது சாதாரணம். கேமராவோ மென்பொருளோ அதைத் தானாக வெளுத்துக் காட்டிவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இல்லாத ஒளியை மென்பொருள் கொண்டுவர முடியாது. இரண்டு ஸ்டாப் வெளுத்தால், ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த படத்தின் மூலையில் 25600இன் மணல்தான் இருக்கும். அதாவது நடுவில் நீங்கள் எடுத்தது எஃப் 1.4 படம், மூலையில் எடுத்தது எஃப் 2.8 படம். அதனால் இரண்டு லென்ஸ்களை ஒப்பிடும்போது திருத்தங்களை அணைத்துவிட்டு, ரா கோப்பை அப்படியே பாருங்கள். கேனானின் ஆர்எஃப் 16 எஃப் 2.8 போல, 165 கிராமுக்குள் அடக்க வேண்டும் என்று, கோடுகளின் வளைவை நிமிர்த்தும் வேலையைப் பெரும்பாலும் மென்பொருளிடமே விட்டுவிட்ட லென்ஸ்களும் இருக்கின்றன. அந்த எடைக்கும் விலைக்கும் அது நியாயமான பேரம். என்ன பேரம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

இரண்டாவது, கோமா. மண்டபத்தின் நெற்றியில் தொங்கும் சீரியல் பல்புகளைப் பாருங்கள். படத்தின் நடுவில் இருப்பவை புள்ளியாக இருக்கும், மூலைக்குப் போகப் போக ஒவ்வொன்றும் வால் முளைத்து, சிறகு விரித்து, சின்னச் சின்னக் குருவிகள் போல ஆகிவிடும். மூலைக்கு வரும் ஒளிக்கற்றையை லென்ஸால் ஒரே புள்ளியில் குவிக்க முடியாததால் வருவது இது. கூடவே அஸ்டிக்மாட்டிசம் என்ற இன்னொரு குறையும் சேர்ந்துகொள்ளும். முகங்களை மட்டும் எடுப்பவருக்கு இது கண்ணில் படாது. இரவு நகரம், தெப்பத் திருவிழா, விண்மீன் எடுப்பவருக்கு லென்ஸின் தரமே இதுதான். அவர்கள் நடுப்பகுதிக் கூர்மையை இரண்டாவதாகப் பார்க்கலாம்.

இதைச் சரிசெய்வது ஏன் இத்தனை செலவு என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும். நிக்கானின் எஃப் மௌண்டில், அதாவது லென்ஸ் மாட்டும் வளையத்தில், அந்த இடைவெளி 46.5 மி.மீ., கேனான் இஎஃப்பில் 44. குவிய நீளம் 24 மி.மீ.தான், ஆனால் லென்ஸ் 40 மி.மீ.க்கும் அப்பால் நிற்க வேண்டும். இதற்கு வழியாக, முன்னால் ஒளியை விரிக்கும் கண்ணாடியை வைத்துப் பின்னால் குவிக்கும் முறையை பிரான்சின் ஆஞ்செனியூ நிறுவனம் 1950இல் 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸில் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் வைத்த ரெட்ரோஃபோகஸ் என்ற பெயரே அந்த வகைக்கு நின்றுவிட்டது. அந்த அமைப்பில் துளையைப் பெரிதாக்கினால் கோமா கூடும். அதை அடக்க அஸ்பெரிக்கல் கண்ணாடி வேண்டும், அதாவது கோளத்தின் துண்டாக இல்லாமல் வளைவு மாறிக்கொண்டே போகும் கண்ணாடி. கேனான் 1975இல் 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை அப்படித்தான் செய்தது. அந்தப் பிரதிபலிக்கும் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்தபின் நிலைமை மாறிவிட்டது. இடைவெளி நிக்கான் இசட்டில் 16 மி.மீ., சோனியில் 18, கேனான் ஆர்எஃப்பில் 20. பின்பக்கக் கண்ணாடியைச் சென்சாருக்கு மிக அருகே கொண்டுபோக முடிகிறது. சிக்மாவின் 20 மி.மீ. எஃப் 1.4 எஸ்எல்ஆருக்காக 2015இல் வந்தபோது 950 கிராம், முன்னால் ஃபில்டர் மாட்ட வழியில்லை. 2022இல் மிரர்லெஸுக்காக வந்தபோது சுமார் 635 கிராம், 82 மி.மீ. ஃபில்டர் மாட்டலாம், கோமாவும் நன்றாகக் குறைந்தது. அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸை மலிவாக வாங்க நினைப்பவர்கள் இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ.யில் பழையது பெரிதாகத் தோற்காது. 24க்குக் கீழே போகும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

எடையைச் சாதாரணமாக விட்டுவிட வேண்டாம். காலை நான்கரை மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாடு வரை கழுத்தில் தொங்கப் போவது அது. சோனியின் 24 எஃப் 1.4 ஜிஎம் 445 கிராம், 20 எஃப் 1.8 ஜி 373 கிராம். நிக்கான் இசட் 35 எஃப் 1.8 எஸ் 370 கிராம், இசட் 20 எஃப் 1.8 எஸ் 505. கேனான் ஆர்எஃப் 35 எஃப் 1.8 305 கிராம், ஆர்எஃப் 24 எஃப் 1.8 270 கிராம். இந்தக் கேனான் இரண்டும் பொருளைப் பாதி அளவுக்குச் சென்சாரில் பதிக்கும் அளவு கிட்டே போகும். மருதாணிக் கை, மோதிரம், மாங்கல்யம் எடுக்க வேறு மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

விண்மீனுக்கு வருகிறேன். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 500ஐக் குவிய நீளத்தால் வகுத்து அத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. 24க்கு 20 நொடி. ஃபிலிம் காலத்துக்கு அது சரி. 45 மெகாபிக்சல் சென்சாரில் அந்த 20 நொடிக்குள் நடுவானத்து விண்மீன் ஏறத்தாழ 8 பிக்சல் இழுபட்டுவிடும், புள்ளி அரிசியாகிவிடும். பத்து நொடிதான் நிம்மதி. நேரத்தைப் பாதியாக்கிய இழப்பைத் துளைதான் ஈடுகட்ட வேண்டும். கூடவே, விண்மீன் போன்ற புள்ளிக்கு எஃப் எண்ணைவிடத் துளையின் உண்மையான விட்டமே கணக்கு. 14 மி.மீ. எஃப் 2.8இன் துளை 5 மி.மீ., 20 எஃப் 1.8க்கு 11, 24 எஃப் 1.4க்கு 17. ஒரே நேரம் திறந்து வைத்தால் 14ஐவிட 24இல் பத்து மடங்குக்கு மேல் மங்கிய விண்மீன்கள் பதியும்.

நம் ஊரிலிருந்து பால்வீதியின் நடுப்பகுதி நன்றாக மேலே எழும். ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் அகலாங்கில், அது தெற்கே உச்சத்தில் இருக்கும்போது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 48 டிகிரி உயரத்தில் நிற்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் 24 மி.மீ. மேலிருந்து கீழாக 74 டிகிரியைப் பிடிக்கும், மலைவிளிம்பும் அதன் மேல் பால்வீதியும் ஒரே படத்தில் தாராளமாக வரும். 35க்கு 54 டிகிரிதான், நெருக்கியடித்துத்தான் வரும். வானத்துக்காகவே வாங்குபவர் 20 எஃப் 1.8, 24 எஃப் 1.4 இரண்டில் ஒன்றை எடுத்தால் நீண்ட நாள் வருந்த மாட்டார். இங்கே ஆட்டோஃபோகஸ் உதவாது. ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, கையால் திருப்பி, அது ஊசிமுனை ஆகும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆகவே வளையம் நிதானமாகத் திரும்புகிறதா என்று கடையிலேயே சுற்றிப் பாருங்கள். ஒரு துளி திருப்பினால் ஓர் அடி தாவும் வளையம் இருட்டில் அழ வைக்கும்.

மௌண்டும் தேர்வைச் சுருக்கும். சோனி இ மௌண்டில் சிக்மா, டாம்ரான், சாம்யாங், வில்ட்ராக்ஸ் என்று வெளி நிறுவன லென்ஸ்கள் கொட்டிக் கிடக்கின்றன. கேனான் ஆர்எஃப்பில் ஃபுல் ஃப்ரேமுக்கு வெளி நிறுவன ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் மிகக் குறைவு, ஆனால் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் புதிது போலவே வேலை செய்யும். நிக்கான்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் செய்யும், பழைய ஏஎஃப்-டி வகை செய்யாது. பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய பிறகு இது தெரியவந்தால் சங்கடம்.

சோதிப்பதற்கு வருவோம். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி ஒரு மீட்டரில் எடுத்துப் பார்ப்பது நம்மவர்களின் பழக்கம். அகல லென்ஸுக்கு அது ஏமாற்றும். கிட்டத்தில் பல லென்ஸ்களின் ஃபோகஸ் பரப்பு கிண்ணம் போல வளைந்திருக்கும். மூலை எழுத்து மங்கினால் லென்ஸ் மோசமா, பரப்பு வளைந்திருக்கிறதா, கேமராதான் சுவருக்கு நேராக நிற்கவில்லையா என்று பிரித்தறிய முடியாது. இரவு மொட்டை மாடிக்குப் போங்கள். தூரத்துத் தெருவிளக்கு ஒன்றையோ கைபேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கையோ தேர்ந்தெடுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, முழுதாகத் திறந்து, அந்த விளக்கை நடுவில் வைத்துக் கையால் ஃபோகஸ் செய்துவிட்டு வளையத்தைத் தொடாதீர்கள். பிறகு அதே விளக்கு நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வரும்படி கேமராவைத் திருப்பி நான்கு படம். ஐந்தையும் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள்.

மூலையில் விளக்கு குருவியாக இருப்பது அந்த லென்ஸின் வடிவமைப்பு. எவ்வளவு பெரிய குருவி என்பதை வைத்து உங்களுக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்யலாம். ஆனால் நான்கு குருவிகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மூன்று மூலையில் சின்னதாக, ஒன்றில் மட்டும் பெரிதாக, மங்கலாக இருந்தால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையத்திலிருந்து விலகியிருக்கிறது. அந்தப் பிரதியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு பாட்டியிடம். இரண்டாம் கையாக வாங்கிய 35 மி.மீ. லென்ஸ், நடுவில் அபாரம். மூன்று மாதம் மகிழ்ச்சியாக எடுத்தேன். ஒரு அறுபதாம் கல்யாணத்தில் மொத்தக் குடும்பத்தையும் மாலை வெளிச்சத்தில் எஃப் 2இல் எடுத்துக் கொடுத்தபோது, வலது கோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டியின் முகம் மட்டும் தெளிவில்லாமல் இருந்தது. இடது கோடிப் பையனின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. பழைய படங்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் வலது ஓரம் அப்படித்தான். ஒரு நாள் மாடியில் செலவிட்டிருந்தால் வாங்கிய வாரமே தெரிந்திருக்கும். அந்த வீட்டுக்கு மறுபடி போய், பாட்டியை வாசல் திண்ணையில் தனியாக உட்கார வைத்து எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாம் கையில் வாங்குபவர்கள் மாடிக்குப் போகும் முன் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். தூசி நாலைந்து புள்ளி இருந்தால் பயமில்லை. சிலந்திவலை போல மெல்லிய இழைகள் கிளை பிரிந்து தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி, கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பையிலேயே கிடந்த லென்ஸ்களில் அது சாதாரணம். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. விளக்கு ஒன்று படத்துக்குள் வந்தால் முழுப் படமும் வெளிறும். நம்முடைய வேலையே விளக்குகளுக்கு நடுவில் என்பதால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்க வேண்டாம். வாங்கிய நல்ல லென்ஸைத் தோல் பையில் வைக்காமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சின்ன ஈரப்பத மானியும் போட்டு வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை பொட்டலத்தை மாற்றுங்கள்.